முதுகில் எடுக்கும் நீர் என்ன சொல்லும்?

காலை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தேன். நேயர் அக்கா ஒருவர் தொலைபேசியில் காத்திருந்தார்.

"தம்பி, அப்பாவுக்கு ரெண்டே மாசத்துல எல்லாம் மறந்துபோச்சு. நடையும் தள்ளாடுது. முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுக்கணுமாம். எடுத்தா கால் விழுந்துடும்ங்கறாங்களே?"

இந்தப் பயம் நம் வீடுகளில் நிறையவே உண்டு. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்குக் கீழே. சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கும். இதைச் சொன்னதும் அக்கா கொஞ்சம் நிதானமானார். பிறகு டாக்டர் சந்தேகப்பட்ட நோயின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்: குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப். ஊடகவியல் படித்த என் நாக்கே தடுக்கியது. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன்.

ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர், இருவருக்கு வரும் நோய். காரணம் வைரஸோ பாக்டீரியாவோ இல்லை. மூளையில் இயல்பாக உள்ள ஒரு புரதம் தவறாக மடிந்து, பக்கத்தில் இருப்பதையும் தன்னைப்போலவே மடிய வைக்கிறது. 1982-இல் ஸ்டான்லி புருசினர் அதற்குப் 'பிரியான்' என்று பெயர் வைத்தபோது நம்பாதவர்கள் பலர். 1997-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முன்பெல்லாம் உறுதி செய்ய மூளைத் திசுவையே பார்க்க வேண்டும். 1996-இல், தண்டுவட நீரில் 14-3-3 என்ற புரதத்தைத் தேடும் சோதனை வந்தது. (நாலு நம்பர் எடுப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டாம், ஆய்வுக்கூடத்தில் புரதங்களைப் பிரித்தபோது விழுந்த எண் அது.) ஆனால், மூளைச் செல்கள் வேகமாகச் சாகும்போது கசியும் புரதம் இது. பக்கவாதத்திலும் மூளை அழற்சியிலும்கூடக் கூடும். புகை தெரியும், தீ வைத்தது யாரென்று தெரியாது.

2011-இல் நாகசாகி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை குற்றவாளியையே தேடுகிறது. பெயர் ஆர்டி-க்விக். ஆய்வுக்கூடத்தில் செய்த நல்ல புரதத்தில் நோயாளியின் தண்டுவட நீரைச் சில துளி விட்டுக் குலுக்குகிறார்கள். கெட்டது துளியளவு இருந்தாலும் நல்லது மடியத் தொடங்கும். கூடவே கலந்த சாயம் ஒளிரும். நோய் இல்லாதவருக்கு 'இருக்கிறது' என்று இந்தச் சோதனை சொல்வது மிக அரிது.

மறுநாள் அக்காவை அழைத்தேன்.

"மருந்தே இல்லாத நோய்க்கு எதுக்குத் தம்பி சோதனை?"

நியாயமான கேள்விதான். ஆனால், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கினாலும் இதே அறிகுறிகள் வரலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அதைத் தவறவிடக் கூடாதே. பிரியான்தான் என்றால், பெரும்பாலோருக்கு ஓராண்டுகூட இருக்காது. வெளியூரில் இருக்கும் தம்பியை எப்போது வரச்சொல்வது என்றாவது தெரியும்.

அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார். முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை அப்பாவுக்குப் பிடித்த பழைய பாடல்களைக் காலை ஏழு மணிக்கு ஒலியேற்றச் சொல்லியிருக்கிறார். ஒலியேற்றுகிறேன்.