பத்துக்குப் பத்து அறையில் ஆண்டின் சிறந்த கேம்

2025 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில், ‘கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33’ என்ற பிரெஞ்சு கேம் ஆண்டின் சிறந்த கேம் உட்பட ஒன்பது விருதுகளை அள்ளிக்கொண்டு போனது. அந்த விழாவில் இதுவரை எந்த கேமுக்கும் இத்தனை விருது விழுந்ததில்லை. கதை இதுதான்: ஆண்டுக்கொரு முறை ஓர் ஓவியக்காரி கண்விழித்து ஒரு பெரிய கல்லில் ஓர் எண்ணை எழுதுவாள்; அந்த வயதுக்காரர்கள் அத்தனை பேரும் அக்கணமே காற்றில் கரைந்துவிடுவார்கள். எண் ஒவ்வோர் ஆண்டும் ஒன்று குறையும். இப்போது 33; அதைத் தாண்டிய வயதில் யாரும் மிச்சமில்லை. துயரமான, அழகான கற்பனைதான். ஆனால் அந்த ஓவியக்காரி மும்பை மாட்டுங்காவுக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஃபைவ் கார்டன்ஸ் பெஞ்சுகள் காலி. சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்க ஆளில்லை, பாடவும் அநேகமாக ஆளில்லை. ஒரே நன்மை, ஞாயிற்றுக்கிழமை காலையில் கஃபே மெட்ராஸ் வாசலில் காத்திராமல் இடம் கிடைக்கும்.

சிறந்த கேம் பட்டத்துக்குப் போட்டியிட்ட மற்ற ஐந்தையும் இப்படியே மும்பைத் தமிழர் பேட்டைகளில் இறக்கிப் பார்க்கலாம். ‘டெத் ஸ்ட்ராண்டிங் 2’ கேமில் நாயகனின் வேலை, முதுகில் பார்சல் மூட்டையைச் சுமந்துகொண்டு மேடு பள்ளம் தாண்டிப் போய் உரியவரிடம் சேர்ப்பது. தாராவியிலும் செம்பூரிலும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் இதே வேலையைத் தினமும் பைக்கில் செய்கிறார்கள். அவர்களுக்கு இதற்குச் சம்பளம் உண்டு. காசு கொடுத்துச் செய் என்றால் சிரிப்பார்கள். ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2’ கேமில் நாயகன் குளிக்காமல், துணி துவைக்காமல் போனால் ஊரார் மதிக்க மாட்டார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு பொஹீமியாவில் இது பெரிய சவாலாக இருந்திருக்கலாம். குழாயில் குறிப்பிட்ட நேரம் மட்டுமே தண்ணீர் வரும் தெருவில் வளர்ந்தவர்கள் அந்தச் சவாலில் முதுகலைப் பட்டமே வாங்கியவர்கள். ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ ஆஸ்திரேலியாவில் மூன்றே பேர் கொண்ட குழு முன்னின்று உருவாக்கியது. ஒவ்வொரு முறை தோற்றதும் தொடங்கிய பெஞ்சுக்கே திரும்பி, வந்த வழியெல்லாம் மறுபடி நடக்க வேண்டும். தாராவி மறுசீரமைப்பில் வீடு பெறத் தகுதி உண்டு என்று நிரூபிக்கக் காகிதங்களோடு அலைபவர்களுக்கு இந்த ஆட்டமுறை புதிதல்ல. ‘ஹேடீஸ் 2’ அருமையான கேம், மேலே சொல்ல ஒன்றுமில்லை. ‘டாங்கி காங் பனான்சா’ நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவியில் மட்டும் ஓடுவது. நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்கவே இல்லை. வேண்டுமென்றால் ஹீரா பன்னா போன்ற அங்காடிகளில் இறக்குமதிச் சரக்காகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கேலியை ஓரம் வைத்துவிட்டு, இந்தப் பட்டியலின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘தி கேம் அவார்ட்ஸ்’ வெற்றியாளரைத் தீர்மானிப்பதில் ஊடக நடுவர்களின் வாக்குக்கு 90 சதவீதம், பொதுமக்கள் வாக்குக்கு 10 சதவீதம் என்பது கணக்கு. நடுவர்கள் பாரபட்சக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரிய டிவி, தனக்கென்று ஒரு சோபா, கதவைச் சாத்திக்கொள்ளும் அறை, யாரும் கூப்பிடாத நாற்பது மணி நேரம் ஆகியவை எல்லாருக்கும் உண்டு என்று அந்தப் பட்டியல் எடுத்துக்கொள்கிறது. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது விலை 49,990 ரூபாய். டிவி தனி, கேம் தனி. பணத்தைக்கூட ஒருவர் எப்படியாவது புரட்டிவிடலாம், தவணையும் இருக்கிறது. இடத்தைப் புரட்ட முடியாது. திருநெல்வேலிப் பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து தோல் பதனிடும் தொழிலில் இறங்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் தாராவியில் இன்றும் பெரும்பாலும் பத்துக்குப் பத்து அறைகளில்தான் இருக்கிறார்கள். பகலில் அந்த அறையே தொழில் நடக்கும் இடம், மாலையில் பிள்ளைகள் படிக்கும் இடம், இரவில் வரிசையாகப் பாய் விரிக்கும் இடம். அங்கே டிவியை ஒருவர் நாற்பது மணி நேரம் தன்வசம் வைத்துக்கொண்டால், கேமில் வரும் எதிரிகளைவிடச் சீரியல் பார்க்கும் அம்மாவைச் சமாளிப்பது கடினம்.

ஆகவே என் கட்சி இது: ஒரு கேம் எவ்வளவு நல்லது என்று மதிப்பிடும்போது, அதன் கதை, ஓவியம், இசை ஆகியவற்றோடு, எந்த நிலைமையில் அதை விளையாட முடிகிறது என்பதற்கும் மதிப்பெண் போட வேண்டும். குறிப்பாக ஒன்றைக் கேட்க வேண்டும்: இடையில் நிறுத்தினால் இந்த கேம் தாங்குமா? அண்ணன் போனைத் திருப்பிக் கேட்பான், கடைக்குப் போ என்பார்கள், செம்பூரிலிருந்து சி.எஸ்.எம்.டி. போகும் ஹார்பர் லைன் ரயிலில் ஆள் ஏறி ஆள் இறங்குவார்கள், நெட்வொர்க் போய்ப் போய் வரும். இத்தனைக்கும் நடுவில் ஓர் ஆட்டத்தை நாசமாகாமல் வைத்திருப்பது சாதாரணத் திறமையல்ல.

சான்றுக்குச் சென்னையில் பிறந்து மும்பைக்கு மருமகளாக வந்த ஒரு கேமைச் சொல்லலாம். ‘வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ என்ற கிரிக்கெட் கேமை உருவாக்கியது சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா. பின்னர் அதன் பெரும்பங்கை வாங்கியது மும்பையின் நசாரா டெக்னாலஜீஸ். விலை மலிந்த ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும், சில ஓவர்களில் ஓர் ஆட்டம் முடியும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அதே ஆண்டில் நவி மும்பையின் கேமேஷன் நிறுவனம் ‘லூடோ கிங்’கை வெளியிட்டது. 2020 ஊரடங்கில் நாடே அதை உருட்டிக்கொண்டிருந்தது. லூடோவில் கதையும் இல்லை, கலைநயமும் இல்லை. நம் தாயக்கட்டத்தின் தூரத்து உறவு, அவ்வளவே. ஆனால் அதை வடிவமைத்தவர்கள் கூர்மையான ஒரு முடிவை எடுத்தார்கள்: இணையம் இல்லாமல், ஒரே போனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து மாறி மாறி ஆடலாம். ஆளுக்கொரு போன் இல்லாத வீட்டின் நிலவரம் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த யோசனை தோன்றும்.

‘ஃப்ரீ ஃபயர்’ கதையும் இதையே சொல்கிறது. பப்ஜியில் நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, அரை மணி நேரம் போல ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர், பத்து நிமிடம், குறைந்த திறன் கொண்ட போனே போதும். விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். பையன்கள் அதில்தான் கிடந்தார்கள். 2022 பிப்ரவரியில் அரசு அதைத் தடை செய்தது. பப்ஜிக்கு 2020 செப்டம்பர் 2 அன்றே தடை வந்து, அது 2021 ஜூலையில் ‘பிஜிஎம்ஐ’ என்று பேரை மாற்றிக்கொண்டு திரும்பியிருந்தது. திரும்பிவந்தபோது ரத்தம் பச்சை நிறமாகியிருந்தது. ஆளைக் ‘கொன்றாய்’ என்பதற்குப் பதில் ‘முடித்தாய்’ என்று திரையில் வந்தது. மும்பை நிழலுலகப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இரண்டாவது சொல்தான் அதிகம் பயமுறுத்தும் என்பதை அதிகாரிகள் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

இங்கே ஒருவர் என்னை மடக்கலாம். பிஜிஎம்ஐ ஆட்டத்தை நடுவில் நிறுத்த முடியாதே, உன் அளவுகோலில் அது தோற்க வேண்டுமே, பிறகு ஏன் தெருவுக்குத் தெரு அதைக் கொண்டாடுகிறார்கள்? நியாயமான கேள்வி. நிறுத்த முடியாமை அதன் குறைதான், அதற்கு மதிப்பெண்ணைக் குறைக்கவே செய்வேன். ஆனால் அந்தக் குறையை ஈடுகட்டும் ஒன்று அதில் இருக்கிறது: நாலு பேர் ஒரு அணி. சால் குடியிருப்பின் மாடிப்படியில் நாலு பேர் ஒருவன் ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொண்டு ஆடலாம். வீட்டில் இல்லாத இடத்தை அந்தப் படிக்கட்டு தந்துவிடுகிறது. சூழல் என்றால் நெருக்கடி மட்டுமல்ல, துணையும் சூழல்தான்.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதிகம் பேர் ஆடுவதால் ஒன்று சிறந்ததாகிவிடுமா? வறுமைக்கு ஏற்றபடி தரத்தைத் தாழ்த்துவதல்லவா இது? நான் எண்ணிக்கையைப் பற்றிப் பேசவே இல்லை. நெருக்கடிக்குள் அடங்கும் கைவினையைப் பற்றித்தான் பேசுகிறேன். 1989இல் கேம் பாய் கருவியோடு வந்த ‘டெட்ரிஸ்’ உள்ளங்கைத் திரையில் நிறமே இல்லாமல் வந்ததால் யாரும் அதைத் தாழ்த்திச் சொன்னதில்லை. 2024இல் ‘பலாட்ரோ’ வந்தது. கனடாவைச் சேர்ந்த ஒரே ஒருவர், புனைபெயரில் தனியாக உருவாக்கிய சீட்டாட்ட கேம். பிப்ரவரியில் கணினிக்கும் கன்சோலுக்கும், செப்டம்பரில் போனுக்கும் வந்தது. ஆண்டின் சிறந்த கேம் பட்டத்துக்கே முன்மொழியப்பட்டு, சிறந்த மொபைல் கேம் விருதை வென்றது. இணையம் வேண்டாம், பாதியில் மூடி வைத்தாலும் விட்ட இடத்தில் காத்திருக்கும். பல கோடி டாலர் செலவில் எடுத்த கேம்களுக்கு நிகராக நடுவர்கள் அதை உட்கார வைத்தார்கள் என்றால், சின்னத் திரையில் பெரிய கலை சாத்தியம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

பலாட்ரோவில் போக்கர் சீட்டு வருவதால் ஐரோப்பியத் தரமதிப்பீட்டு அமைப்பு அதற்கு 18 வயது முத்திரை குத்தியது. அதில் ஒரு பைசாகூடப் பந்தயம் இல்லை என்ற வாதத்துக்குப் பிறகு, 2025 பிப்ரவரியில் 12 என்று இறக்கியது. ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று நம் உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லிவிட்டதை அறிந்த மாட்டுங்கா மாமாக்கள் இந்தச் சச்சரவைக் கேட்டால் புன்னகைப்பார்கள். ஆனால் போன் கேம்களுக்காக வாதாடும் எவரும் பதில் சொல்லியாக வேண்டிய இடம் இது. போனில் வருவதில் பாதி, ஆளின் பையைத் தடவும் வேலை என்பது பொய்யல்ல. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், இ-ஸ்போர்ட்ஸையும் பொழுதுபோக்கு கேம்களையும் ஒரு பக்கம் வைத்து, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டங்களைத் தடை செய்தது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் பேர் போட்டிருந்த மும்பை நிறுவனம் ‘டிரீம்11’ தன் பணப் போட்டிகளை மூடிவிட்டு, சட்டையிலிருந்தும் இறங்கியது. இந்தத் தடை முழுக்கச் சரியா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனால் பிரித்த இடம் சரி என்றே நினைக்கிறேன். சட்டம் தொடாத மிச்சமும் இருக்கிறது: துப்பாக்கிக்குப் பூப்போட்ட உறை வாங்கச் சொல்லி நச்சரிக்கும் கடைகள், நாளைக்கு வராவிட்டால் பரிசு போச்சு என்று மிரட்டும் அறிவிப்புகள். என் அளவுகோல் இங்கேயும் உதவும். கீழே வைக்க விடாத கேம், நிறுத்தினால் தாங்காத கேம்தான். அதற்கு மதிப்பெண் கிடையாது.

மறுபக்கம், உலகத்தரம் என்று சொல்லப்படுபவை நம்மை எப்படிப் பார்க்கின்றன? 2018இல் டென்மார்க்கின் ஐ.ஓ. இன்டராக்டிவ் நிறுவனம் வெளியிட்ட ‘ஹிட்மேன் 2’ கேமில் மும்பைக்கென்றே ஒரு கட்டம் உண்டு. நெரிசலான சந்துகள், சலவைக்கூடம், முடிதிருத்தும் கடை, பக்கத்தில் கட்டி முடியாத ஒரு கோபுரக் கட்டடம். அந்தக் கோபுரத்துக்காகவே அவர்களைப் பாராட்டலாம். குடிசைக்குப் பக்கத்தில் பாதியில் நிற்கும் அடுக்குமாடியைக் காட்டாமல் மும்பையைக் காட்ட முடியாது. ஆனால் மொட்டைத் தலையும் பிடரியில் பார்கோடுமாக ஒரு வெள்ளைக்காரக் கூலிக் கொலையாளி அந்தச் சந்தில் நடக்கிறார், யாருமே “எங்கே போகணும்?” என்று கேட்பதில்லை. உண்மையான தாராவியில் மூன்று எட்டு வைப்பதற்குள் நாலு பேர் வழி சொல்லியிருப்பார்கள், ஒருவர் டீ வாங்கிக் கொடுத்திருப்பார், கொலைத் திட்டம் அங்கேயே முடிந்திருக்கும். வேடிக்கை இருக்கட்டும், அந்த கேம் அப்போது வந்தது கணினிக்கும் கன்சோலுக்கும்தான். கேமுக்குள் மும்பையின் சந்து இருந்தது, அந்தச் சந்துக்குள் கேம் போகவில்லை.

நம்மவர்கள் செய்ததும் இதிலிருந்து தப்பவில்லை. டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்துபோன சமையல் குறிப்பை ஊகித்து இட்லி வேகவைப்பதுதான் முதல் புதிர்; தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதும், சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலைமைப் பரிசும் அதற்குக் கிடைத்தன. என் கணக்கில் 2023இன் சிறந்த கேம் அதுதான், மறுபேச்சில்லை. உலகெங்கும் விமர்சகர்கள் அந்த இட்லித் தட்டுப் புதிரில் முழித்தார்கள். செம்பூர் மாமி ஒருவர் அதை அரை நொடியில் அடுக்கிவிட்டு, மாவு புளித்ததா என்று கேட்டிருப்பார். ஆனால் வெண்பா வெளியானதும் கணினிக்கும் கன்சோலுக்கும்தான். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கதை, அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிந்தது, விரலால் இழுத்து ஆடத் தோதானது. போனுக்கென்றே பிறந்த கேம் போனைத் தாண்டிப் போனதற்காக ஒரு மதிப்பெண் குறைக்கிறேன், மனசில்லாமல்.

‘ஆண்டின்’ என்ற அடைமொழியே இந்தத் தெருக்களில் செல்லுபடியாகாது என்றும் ஒருவர் சொல்லலாம். 2016இன் லூடோ, 2020இன் கிரிக்கெட், 2021இன் பிஜிஎம்ஐ என்று போனில் கிடப்பவை எல்லாம் பழைய சரக்கு. புதுப்பிப்பு வந்துகொண்டே இருப்பதால் அவற்றுக்கு வயதாவதில்லை. அது உண்மைதான். ஆண்டுக்கணக்கு விற்பவர்களின் கணக்கு, ஆடுபவர்களின் கணக்கு அல்ல. அதனால்தான் 2026 பட்டியலைப் பற்றி எனக்குப் பெரிய ஆவலில்லை. ‘ஜி.டி.ஏ. 6’ நவம்பர் 19 அன்று வரும் என்று அறிவித்திருக்கிறார்கள், புதிய தலைமுறைக் கன்சோல்களுக்கு மட்டும். சொன்ன தேதியில் வந்தால் மற்றவர்கள் விழாவுக்குக் கைதட்டத்தான் போவார்கள். அதன் கதை நடப்பது ‘வைஸ் சிட்டி’ என்ற கற்பனை நகரத்திலும் அதைச் சுற்றியும். அந்த நகரத்தை முதலில் விரிவாகக் காட்டிய 2002ஆம் ஆண்டின் கேம் 2012லேயே போனுக்கு வந்துவிட்டது.