ஒரு சோறு பதம்

2023 ஜூலை 20ஆம் தேதி, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. உள்நாட்டில் விலை ஏறுகிறது, முதலில் நம் மக்களுக்குச் சோறு என்பது காரணம். தடை டெல்லியில் போடப்பட்டாலும் கலக்கம் சிங்கப்பூரை எட்டியது. நெல் வயல் இல்லாத இந்தத் தீவு அதற்கு முந்தைய ஆண்டு இறக்குமதி செய்த அரிசியில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்திய அரிசி. லிட்டில் இந்தியாவின் பலசரக்குக் கடைக்காரரும், வடக்கே ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் பொங்கலுக்குப் பச்சரிசி வாங்குபவரும் கவலைப்பட நியாயம் இருந்தது. ஆனால் ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள், இரு நாடுகளுக்கும் உள்ள சிறப்பு உறவைக் கருதி 50,000 டன் அரிசி அனுப்ப இந்தியா விலக்கு அளித்தது. பூட்டானுக்கும் மொரிஷியசுக்கும் இதே போன்ற விலக்கு கிடைத்தது; ஆகவே இதைச் சிங்கப்பூருக்கு மட்டும் கிடைத்த சலுகை என்று பெருமைப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. ‘சிறப்பு உறவு’ என்ற சொல் அரசாங்க அறிக்கைகளில் அடிக்கடி வரும். அது டன் கணக்கில் எழுதப்படுவது அபூர்வம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நாடுகளின் நட்பையும் அப்படித்தான் பதம் பார்க்க வேண்டும்: எவ்வளவு, யாருக்கு, எப்போது, யார் பொறுப்பு என்று எழுதி வைத்த ஏற்பாடு இருக்கும் இடத்தில் நட்பு சோறு போடுகிறது, அது இல்லாத இடத்தில் வாழ்த்தோடு நின்றுவிடுகிறது.

இந்த உறவைப் பார்க்க ஈசூன் நல்ல இடம். ரப்பரும் அன்னாசியும் பயிரிட்ட தோட்ட முதலாளி லிம் நீ சூனின் பெயரே சீன மாண்டரின் உச்சரிப்பில் ஈசூன் ஆயிற்று. இந்த வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் தமிழர்கள் இருந்தார்கள். பக்கத்துச் செம்பவாங்கில் 1938இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளத்திலும் தமிழரும் மலையாளிகளும் ஏராளமாக வேலை பார்த்தார்கள். அந்தத் தள ஊழியர்கள் மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட முருகன்தான், இன்று ஈசூன் தொழிற்பேட்டைப் பகுதியில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியராக நின்று பங்குனி உத்திரக் காவடிகளை ஏற்றுக்கொள்கிறார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபின், சிறைப்பட்ட இந்தியப் படைவீரர்களை அடைத்துவைத்த முகாம்களில் ஒன்று நீ சூன். இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் திரட்டப்பட்ட இடங்களில் அதுவும் உண்டு. ஆக, இரு நாடுகளும் தூதர்களை அனுப்பிக்கொள்வதற்கு நெடுங்காலம் முன்பே மனிதர்கள் வந்துவிட்டார்கள். 1867 வரை சிங்கப்பூர் கல்கத்தாவிலிருந்தே ஆளப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொண்டால், இவ்வளவு பழைய பழக்கம் தானாகவே நல்லுறவாகக் கனிந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும்.

அப்படிக் கனியவில்லை. 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் தனிநாடானது. 24ஆம் தேதியே இந்தியா அங்கீகரித்தது. படை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லாத புதிய நாட்டின் பிரதமர் லீ குவான் இயூ, ஐந்து பட்டாளங்களை உருவாக்க ராணுவ ஆலோசகர் ஒருவரை அனுப்பி உதவும்படி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கு எழுதினார். மக்கள் நலமாக வாழ வாழ்த்துச் சொல்லிப் பதில் வந்தது. கேட்ட உதவியைப் பற்றி அதில் பேச்சே இல்லை என்று லீ தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். பிறகு அந்த உதவியைச் செய்தது இஸ்ரேல். பாகிஸ்தானோடு போரின் விளிம்பில் நின்ற இந்தியாவுக்கு அன்று அதன் சங்கடங்கள் இருந்தன. 1980இல் விரிசல் இன்னும் அகன்றது. வியட்நாம் படையின் துணையோடு கம்போடியாவில் அமர்ந்த ஹெங் சம்ரின் அரசை இந்தியா அங்கீகரித்தது. அந்த அரசை உலக அரங்கில் ஏற்கவிடாமல் தடுக்கும் முயற்சியில் முன்னணியில் நின்றது சிங்கப்பூர். அந்த முயற்சி தொடங்கியபோது சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம். ஒரே வேர், ஒரே மொழி, ஒரே கோயில் எதுவும் அந்தப் பிளவைத் தடுக்கவில்லை. உறவினர் இருப்பதால் நாடுகள் உறவாகிவிடுவதில்லை.

மாற்றம் 1990களில் வந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்து, அந்நியச் செலாவணி தீர்ந்து, இந்தியா தன் கதவுகளைத் திறந்த காலம் அது. இந்தியப் பிரதமர் நரசிம்ம ராவ் கிழக்கே பார்த்தார். அன்றைய சிங்கப்பூர்ப் பிரதமர் கோ சோக் டோங், இந்தியாவின் மீது ஒரு ‘காய்ச்சல்’ பரவ வேண்டும் என்று தம் நாட்டுத் தொழிலதிபர்களைத் தூண்டினார். 1994இல் இரு கடற்படைகளும் ஒன்றாகப் பயிற்சியைத் தொடங்கின. இந்தியா பிற நாட்டோடு இடைவிடாமல் நடத்திவரும் கடற்படைப் பயிற்சிகளில் மிக நீண்டது இதுதான். 1965இல் ஒரு ஆலோசகர்கூடக் கிடைக்காத நாட்டின் விமானப்படையும் தரைப்படையும் பின்னர் இந்திய மண்ணிலேயே, கலைகுண்டாவிலும் பபினாவிலும் தேவலாலியிலும், ஒப்பந்தப்படி பயிற்சி பெற்றன. 2005இல் கையெழுத்தான விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாடு வணிகத்துக்கு விதிமுறை தந்தது. 2004–05 நிதியாண்டில் 670 கோடி அமெரிக்க டாலராக இருந்த இருதரப்பு வணிகம் 2023–24இல் 3,560 கோடியைத் தொட்டது. இந்த முப்பது ஆண்டுகளில் பண்பாடு புதிதாகக் கூடிவிடவில்லை. எழுத்தில் இருந்த ஏற்பாடுகள் கூடின.

எழுதி வைத்தால் போதுமா, அமராவதி என்ன ஆயிற்று என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆந்திராவின் புதிய தலைநகருக்குச் சிங்கப்பூர் முழுத் திட்டம் தீட்டித் தந்தது; சிங்கப்பூர் நிறுவனங்களின் கூட்டமைப்பு அதன் தொடக்கப் பகுதியைக் கட்டவிருந்தது. 2019இல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. அந்த நவம்பரிலேயே திட்டம் கைவிடப்பட்டது. இதற்குப் பக்கத்தில் பெங்களூரின் சர்வதேச தொழில்நுட்பப் பூங்காவை வைத்துப் பாருங்கள். அதிலும் சிங்கப்பூர் பணம்தான், அதிலும் ஒரு மாநில அரசுதான் பங்காளி. கர்நாடகத்தில் எத்தனையோ முதலமைச்சர்கள் வந்து போனார்கள். பூங்கா நின்றது, பிறகு சென்னைத் தரமணிக்கும் அதே பாணி வந்தது. தடையில்லாத மின்சாரம், வாடகைக்கு அலுவலகம் என்று முடிக்கக்கூடிய அளவில் அதன் இலக்கு இருந்தது. டாடாவும் மாநில அரசும் பங்கு போட்டிருந்ததால் அது நிலைப்பதில் பலருக்கு அக்கறை இருந்தது. அமராவதியோ ஒரு தலைவரின் கனவோடு பிணைந்திருந்தது. அவர் நாற்காலி ஆடியதும் அதுவும் ஆடியது. எழுதிய தாளைவிட, ஆட்சி மாறினாலும் அதைக் காக்க எத்தனை பேருக்குக் காரணம் இருக்கிறது என்பதே ஏற்பாட்டின் பலம்.

சிங்கப்பூரில் ஒலிக்கும் மறுப்பு இன்னும் காரமானது. 2005 உடன்பாடு இந்திய நிபுணர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு உள்ளூர் மக்களின் வேலையைப் பறித்தது என்கிறார்கள். 2021இல் நாடாளுமன்றமே இதை இரண்டு முறை விரிவாக விவாதித்தது. நிபுணர்களுக்கான வேலை அனுமதியான ‘எம்ப்ளாய்மண்ட் பாஸ்’ வைத்திருப்போரில் இந்தியர் 2005இல் சுமார் 14 விழுக்காடு, 2020இல் சுமார் 25 விழுக்காடு என்று அரசே அங்கே சொன்னது. அந்த உயர்வை மறைப்பதில் பயனில்லை. ஒரே அலுவலகத்தில் ஒரே ஊர்க்காரர்கள் கூடும்போது மற்றவர்களுக்கு எழும் மனத்தாங்கலையும் இனவெறி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். உடன்பாட்டில் தனிச் சலுகை பெறுவோர், நிறுவனங்களே தம் கிளைகளுக்குள் இடம் மாற்றும் ஊழியர்கள். 2020இல் எல்லா நாட்டினரையும் சேர்த்து அவர்கள் சுமார் 4,200 பேர், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் சுமார் 500 பேர். மற்ற இந்தியர்கள், யாருக்கும் உள்ள அதே சம்பள, தகுதி விதிகளைக் கடந்தே வந்தார்கள். உலகெங்கும் கணினித் துறைக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில், அந்த ஆட்களை அதிகம் உருவாக்கிய நாடு இந்தியா. குறையை நேர்செய்யும் இடம் பணியமர்த்தும் விதிகளும் உள்ளூர்ப் பயிற்சியும்தான். உடன்பாட்டைக் கிழித்தால் கோபம் தணியலாம், வேலை வந்துவிடாது.

இந்தியப் பக்கத்திலும் ஒரு சந்தேகம் உண்டு. சிங்கப்பூரிலிருந்து வரும் முதலீடு உண்மையில் வரிச்சலுகைக்காகச் சுற்றி வரும் பணம் என்பது அது. ஒரு காலத்தில் இதற்கு இடமிருந்தது. இந்தியப் பங்குகளை விற்றுக் கிடைத்த லாபத்துக்கு இந்தியாவில் வரி கட்ட வேண்டாம் என்று வரி உடன்பாடு அனுமதித்தது. 2016 டிசம்பரில் அது திருத்தப்பட்டது. 2017 ஏப்ரல் முதல் வாங்கும் பங்குகளுக்கு அந்தச் சலுகை படிப்படியாகப் போயிற்று. பணம் வரிக்காக மட்டும் வந்திருந்தால் அதன்பின் ஊற்று வற்றியிருக்க வேண்டும். மாறாக, 2018–19 முதல் இந்தியாவுக்கு வரும் அந்நிய நேரடி முதலீட்டில் முதலிடம் சிங்கப்பூருக்குத்தான். பிற நாட்டு நிறுவனங்கள் தம் ஆசியத் தலைமையகத்தை அங்கே வைத்திருப்பதால் அதில் எல்லாம் சிங்கப்பூரின் சொந்தப் பணம் அல்ல என்பது உண்மை. ஆனாலும் அந்தப் பணம் எங்கே இறங்குகிறது என்பதற்குக் கரூரே சாட்சி. 1926இல் அங்கே தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி நொடித்தபோது, 2020 நவம்பரில் அது சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது; 2,500 கோடி ரூபாய் மூலதனம் வந்தது. வைப்புத்தொகை வைத்தவர்கள் தப்பினார்கள், பங்கு வைத்திருந்தவர்கள் முழுவதையும் இழந்தார்கள். நட்பு நாட்டு முதலீட்டிலும் யார் பிழைப்பார், யார் இழப்பார் என்பதை விதிகளே முடிவு செய்கின்றன.

இந்த அளவுகோலை உறவின் அடித்தட்டில் வைக்கும்போதுதான் பெரிய ஓட்டை தெரிகிறது. ஈசூன், செம்பவாங், கிராஞ்சி வட்டாரங்களின் விடுதிகளில் தங்கி, கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தமிழகத் தொழிலாளி, ‘ஒர்க் பெர்மிட்’டில் வந்தவர். இவ்வளவு சர்ச்சை கண்ட 2005 உடன்பாடு அவரைப் பற்றிப் பேசவே இல்லை. இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசின் அனுமதி பெற வேண்டும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் உள்ளன, சிங்கப்பூர் இல்லை. ஒழுங்கான சட்டங்கள் உள்ள நாட்டுக்கு அது எதற்கு என்று கேட்கலாம். ஆனால் கடன் ஏறுவது சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிறகு அல்ல. ஊரில் ஏஜெண்டுக் காசு எண்ணிக் கொடுக்கும் திண்ணையில். சிங்கப்பூர் சட்டம் அங்குள்ள முகவர் வாங்கும் கட்டணத்துக்கு, அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இந்தியச் சட்டம் உரிமம் பெற்ற முகவருக்கு 30,000 ரூபாய் என்று வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ரசீது தராமல் வாங்கும் உரிமமில்லாத ஆள், இரண்டு சட்டத்துக்கும் எட்டாமல் நிற்கிறார்.

இரு அரசுகளும் மனம் வைத்தால் கீழ்த்தட்டுக்கும் ஏற்பாடு செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2023 பிப்ரவரி 21இல் இந்தியாவின் யுபிஐ, சிங்கப்பூரின் பேநவ் என்னும் இரு பணப்பரிமாற்ற முறைகளும் இணைக்கப்பட்டன. நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை கைப்பேசியிலேயே ஊருக்கு அனுப்பலாம் என்று தொடங்கியது. அந்த வரம்பு பெருமுதலாளிக்காக வைத்ததல்ல, மாதச் சம்பளக்காரருக்காக வைத்தது. 2025 செப்டம்பரில் பிரதமர் லாரன்ஸ் வோங் டெல்லி சென்றபோது, சென்னையில் நவீன உற்பத்தித் துறைக்கான தேசியத் திறன் மையம் ஒன்றை அமைப்பதில் சிங்கப்பூர் கைகோக்க முடிவானது. இதே வழியில் இன்னும் மூன்றைச் செய்யலாம். சிங்கப்பூர் முதலாளி தரும் சம்பள ஒப்பந்தம், தொழிலாளி பணம் கட்டுமுன் அவர் கைக்குத் தமிழில் வர வேண்டும். முகவர் கட்டணம் முழுவதும் வங்கி வழியே, ரசீதோடு மட்டுமே போக வேண்டும். சென்னை மையம் தரும் சான்றிதழ் சிங்கப்பூர் வேலைத்தளத்தில் கூடுதல் சம்பளமாக மாற வேண்டும். பணத்தையே நொடியில் கடல் கடத்தும் இரண்டு அரசுகளுக்கு, ஒரு ரசீதைக் கடத்துவது பெரிய வேலை அல்ல. அறுபது ஆண்டு உறவை இரு தலைநகரங்களும் கொண்டாடிவிட்டன. அடுத்த அமைச்சர்கள் கூட்டத்தின் முதல் பொருளாக இந்த மூன்றும் எழுதப்படட்டும்.