பெயரும் பெறுமதியும்: பாவித்த மோட்டார் சைக்கிளின் விலை குறித்து ஒரு நோக்கு

ஒரே ஆண்டில் உற்பத்தியாகி, ஒரே எஞ்சின் கொள்ளளவும் ஏறத்தாழ ஒரே ஓட்டத்தூரமும் உடைய இரு மோட்டார் சைக்கிள்கள் விற்பனைக்கு வருகின்றன எனக் கொள்வோம். எரிபொருள் தாங்கியிற் பொறித்த பெயர் வேறாதலின் அவற்றின் விலையும் வேறாகின்றது. இதனைப் 'பெயரின் மவுசு' என்று கூறி அமைவது பொதுவழக்கு. அம்மவுசு எங்கிருந்து பிறந்தது, அதனால் நன்மையடைவோர் யாவர் என்னும் வினாக்களை அவ்விளக்கம் தொடுவதில்லை. இக்கட்டுரை அவ்விரு வினாக்களையும் சுருக்கமாக ஆராய முயல்கின்றது.

பாவித்த பொருட்களின் சந்தையில் முதற்கண் நோக்கத்தக்கது அறிவின் ஏற்றத்தாழ்வாகும். விற்பவர் தம் வண்டியின் குறைகளை அறிவார், வாங்குபவர் அறியார். எஞ்சின் எத்தனை முறை பிரிக்கப்பட்டது, தூரமானி பின்னோக்கித் திருப்பப்பட்டதா, விபத்தொன்றிற் சட்டகம் வளைந்து நிமிர்த்தப்பட்டதா என்பவற்றைச் சில நிமிட ஓட்டத்திற் கண்டறிதல் அரிது. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், பாவித்த கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்நிலையை விளக்கினார். நல்லதையும் பழுதானதையும் பிரித்தறிய இயலாத வாங்குநர் சராசரி விலைக்கு மேல் தர முன்வாரார். அவ்விலைக்கு விற்க விரும்பாத நல்ல வாகன உடைமையாளர் சந்தையினின்றும் விலகுவர். பழுதானவையே அங்கு பெருகும். உத்தரவாதமும் வர்த்தகப் பெயரும் இவ்வையத்தை ஓரளவு ஈடுசெய்வன என்பதையும் அவர் சுட்டினார். எனவே, வாங்குபவர் பெயருக்குக் கொடுக்கும் மேலதிக விலையின் ஒரு பகுதி, தம் அறியாமைக்கு அவர் செலுத்தும் காப்புறுதிக் கட்டணம் எனலாம்.

இவ்வுறுதியை ஆக்குவோர் யாவர் என்பது அடுத்த வினா. 1984இல் இந்தியாவின் ஹீரோ குழுமமும் யப்பானின் ஹொண்டா நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய ஹீரோ ஹொண்டா, இலங்கை வீதிகளிலும் நன்கறியப்பட்ட பெயராயிற்று. 2010 டிசெம்பரில் இரு தரப்பினரும் பிரிய முடிவுசெய்தனர். 2011இல் நிறுவனம் ஹீரோ மோட்டோகோர்ப் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயரிற் பாதி நீங்கிற்று. ஆயின், அதனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியின் இரும்பு மாறவில்லை. அதன் ஒலியைக் கேட்டே குறையைக் கண்டறியும் திருத்துநரின் அனுபவமும் அழிந்துவிடவில்லை. ஒரு வகை வண்டி மிகுதியாக ஓடும் ஊரில் அதன் உதிரிப்பாகங்கள் சிறு கடையிலும் கிடைக்கும். திருத்துநர் அதனிற் கைதேர்வர். அதனால் அது மேலும் விரும்பப்படும். நிறுவனம் தன் சொத்தெனக் கருதும் நற்பெயரின் கணிசமான பகுதி, இவ்வாறு அதன் சம்பளப் பட்டியலில் இடம்பெறாத எண்ணற்றோரின் உழைப்பால் விளைந்ததாகும்.

பெயரின் செல்வாக்கு கடன் வசதியையும் தொடுகின்றது. தவணை தவறின் வண்டியைக் கைப்பற்றி விற்கவேண்டிய லீசிங் நிறுவனம், எளிதில் விலைபோகும் பெயரையே விரும்பும். ஆகவே, கையிற் பணமற்ற மீன் வியாபாரிக்கும் நாட்கூலித் தொழிலாளிக்கும் தெரிவு மேலும் ஒடுங்குகின்றது.

இலங்கையின் அண்மைக்கால அனுபவம் இவ்விடயத்திற் பிறிதோர் உண்மையை உணர்த்திற்று. அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழிதிறந்தது. இடைப்பட்ட காலத்தில், தேய்ந்து விலை குறையவேண்டிய பழைய வண்டிகள் விலையேறின. பயன்மதிப்பு குறைய, பரிமாற்றமதிப்பு உயர்ந்த இம்முரண்பாடு அருமைப்பாட்டின் விளைவாகும். ரூபாவின் வீழ்ச்சியும் அதற்குத் துணைபோயிற்று. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் எரிபொருளெனப் பங்கீடு வந்தபோது, தோற்றப்பொலிவினும் சிக்கனமே பெரிதென்பது ஓட்டுநர் யாவர்க்கும் தெளிவாயிற்று. விலையேற்றத்தால் எல்லா உடைமையாளரும் செல்வரானார் என்பதும் பொருந்தாது. தொழிலுக்கு வண்டியின்றியமையாதவர் தமதை விற்றால் இன்னொன்றை அதே உயர்விலைக்கு வாங்கவேண்டியிருந்தது. அவர்தம் இலாபம் வெறும் கணக்களவினதே. பல வண்டிகளை வாங்கி வைத்திருக்க வல்ல வணிகர்க்கே அது மெய்யான இலாபம். முதன்முதலாக வண்டி வாங்க முனைந்த இளந்தொழிலாளி அதன் சுமையைத் தாங்கினார்.

முடிபாக, பாவித்த வண்டியின் விலையில் இரும்பின் தேய்மானம், வாங்குபவரின் அறியாமை, திருத்துநரின் திறன், அரசின் இறக்குமதிக் கொள்கை ஆகிய நான்கும் கலந்துள்ளன. பெயர் அவற்றை மறைத்து நிற்கும் திரையாகின்றது. வண்டியின் பழுதுபார்ப்பு வரலாறு முறையாகப் பதியப்பட்டு, நம்பத்தகுந்த பொதுப் பரிசோதனை குறைந்த கட்டணத்திற் கிடைக்குமாயின், வாங்குபவர் பெயருக்குச் செலுத்தும் கட்டணம் குறையும். வாழ்வாதாரத்துக்காகக் கடன்பட்டு வண்டி வாங்குவோர்க்கு அவ்வேறுபாடு பல மாதத் தவணைகளுக்கு ஈடாகலாம்.