முப்பது நாளில் ஒரு நாவல்: சிகிச்சைக் காலத்தில் இயலுமா?

நவம்பர் மாதத்தின் முப்பது நாள்களுக்குள் ஐம்பதாயிரம் சொற்களில் ஒரு நாவலை எழுதி முடிக்க வேண்டும். நடுவர் கிடையாது, தரம் பார்ப்பதும் கிடையாது; எண்ணிக்கை நிறைந்தால் வெற்றி. 1999 ஜூலையில் கிறிஸ் பேட்டி என்ற இளைஞர் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 21 பேருடன் விளையாட்டாகத் தொடங்கிய முயற்சி இது. வெளியே செல்ல இயலாத மோசமான வானிலையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மறு ஆண்டே அதை நவம்பருக்கு மாற்றினார். பின்னர் உலகெங்கும் லட்சக்கணக்கானோர் அதில் கலந்துகொண்டனர். அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்படுவதாக அறிவித்தது. எழுதும் வழக்கம் மட்டும் பலரிடம் தொடர்கிறது.

இதை இவ்விதழில் எழுதக் காரணம் உண்டு. வெளியே செல்ல இயலாத வானிலை நம் நோயாளிகளுக்கு ஆண்டு முழுவதும் நீடிக்கக்கூடும். கால் எலும்பு முறிந்தவர் வாரக்கணக்கில் படுத்திருக்கிறார். டயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. ஊசி ஏற்றும் பிஸ்டுலாவைக் கூடியவரை எழுதாத கையில்தான் அமைக்கிறோம். ஆகவே எழுதும் கை பெரும்பாலும் ஓய்வாகவே இருக்கிறது. ஊசி உள்ள கை அசையாமல் இருந்தால் போதும்.

நாள்தோறும் அளவிட்டு எழுதுவது தமிழுக்குப் புதிதன்று. கல்கி தம் ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினார். நம் காலத்தில் ஜெயமோகன் மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்ற பெயரில் 2014 ஜனவரியில் தொடங்கி, நாளுக்கோர் அத்தியாயமாக 2020 ஜூலையில் நிறைவு செய்தார். மொத்தம் 26 நாவல்கள். தொலைபேசித் துறை ஊழியராக அவர் தர்மபுரியில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். அந்நாளில் நம் கல்லாவியும் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் இடைவெளி விட்டார் என்பதையே ஒரு மருத்துவனாக நான் முதலில் கவனிப்பேன்.

எழுதினால் உடல்நலம் தேறுமா என்று கேட்போர் உண்டு. 1999-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஜோஷுவா ஸ்மித் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆஸ்துமாவோ முடக்குவாதமோ உள்ள 112 பேரில் ஒரு பிரிவினர், தம் வாழ்வின் மிகத் துயரமான அனுபவத்தை மூன்று நாள்கள், நாளுக்கு இருபது நிமிடம் எழுதினர். நான்கு மாதங்களுக்குப் பின், ஆஸ்துமா உள்ளோருக்கு நுரையீரலின் திறன் கூடியிருந்தது. முடக்குவாதம் உள்ளோருக்கு நோயின் கடுமை குறைந்திருந்தது. பிற்கால ஆய்வுகள் எல்லாம் அத்தகைய பலனைக் காட்டவில்லை. மேலும், அவர்கள் எழுதியது நாவல் அன்று. ஆகவே மூச்சிழுப்பானை ஒதுக்கிவிட்டுப் பேனாவை எடுக்க வேண்டாம்.

துயரத்தை எழுதிய உடனே மனம் சற்றுக் கனப்பது இயல்பு. சில மணி நேரத்தில் அது தணியும். நாள் கணக்கில் நீடித்தாலோ, உறக்கம் கெட்டாலோ, உயிரின் மீது வெறுப்புத் தோன்றினாலோ நோட்டை மூடிவிட்டு எங்களிடம் உடனே சொல்லுங்கள். கற்பனைக் கதையில் ஒரு வசதி உண்டு: சொந்த வலியை வேறொரு பெயருள்ள மனிதர்மேல் ஏற்றிவிடலாம்.

முப்பது நாளுக்கு ஐம்பதாயிரம் என்றால் நாளுக்கு 1,667 சொற்கள். இது ஆங்கிலக் கணக்கு. அம்மொழி நான்கைந்து சொற்களில் சொல்வதைத் தமிழ் ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என ஒரே சொல்லில் அடக்கிவிடும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டு வலியோடு வருவதைவிட, நாளுக்கு இருநூறு சொற்கள் என்று வைத்துக்கொள்வது நலம். முப்பது நாளில் ஆறாயிரம் சொற்கள், அதாவது ஒரு நெடுங்கதை. கீமோதெரபிக்குப் பிந்திய சோர்வு நாள்களில் ஒரு வரியும் கணக்கில் சேரும். ஓசூர் ஆலைகளில் இரவுப் பணி செய்து திரும்புவோர் உறங்கும் நேரத்தை இதற்கு எடுக்கக் கூடாது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக எழுத வேண்டியதில்லை. பெரும்பாலான மாத்திரைகளுக்கும் இதே விதியைத்தான் சொல்கிறோம்.

எழுதப் பழகாத பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதலாம். காத்திருப்புக் கூடத்தில் கைப்பேசியை வெறித்திருக்கும் நேரம் அதற்குப் போதும். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் நம் பகுதியில் பலர். அப்பேச்சு கதைக்குள் கலந்து வந்தால் திருத்த வேண்டாம்.

நாங்கள் சுற்றுக்கு வரும்போது நோட்டை மறைக்கவும் வேண்டாம். நீங்கள் நீட்டினாலன்றி எவரும் அதைப் படிக்கமாட்டோம். எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டு நிமிருங்கள். நாடி பார்க்க அரை நிமிடம் காத்திருக்கலாம்.