காற்றின் கணக்கு – 12: பல் எத்தனை நாள் தாங்கும்?

சேலமும் நாமக்கல்லும் காற்றாலைக்குப் பேர்போன ஊர்கள் அல்ல. காற்று அடிப்பது ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலிலும், பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே பல்லடம், உடுமலைப் பக்கத்திலும்தான். ஆனால் தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவும் அங்கே சொந்தமாகக் காற்றாலை போட்டு, மின்வாரியக் கம்பி வழியாக யூனிட்டைத் தங்கள் மில்லுக்குக் கொண்டுவருகின்றன. சேலம், நாமக்கல் மில்காரர்களும் அதில் அடக்கம். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் நட்ட இயந்திரங்கள் இருபது வயதைத் தாண்டிவிட்டன. பழைய காற்றாலைகளை மாற்றுவது, புதுப்பிப்பது, ஆயுளை நீட்டிப்பது பற்றித் தமிழக அரசு 2024-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. அதன்பின் மில்காரர்களின் கேள்வி ஒன்றே: “இன்னும் அஞ்சு வருஷம் ஓடுமா?”

கோபுரம், இறக்கை, அடித்தளம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கையைக் கடிக்கும் செலவு பெரும்பாலும் கியர் பாக்ஸில்தான் இருக்கிறது. அதை இறக்கப் பெரிய கிரேன் வேண்டும். காற்று சீசன் நடுவில் இறக்கினால் அந்த ஆண்டின் யூனிட்டும் போச்சு.

இறக்கைகள் நிமிடத்துக்குச் சில பத்துச் சுற்றுதான் சுற்றும். பழைய ஜெனரேட்டருக்கோ 1500 சுற்று வேண்டும். இடையில் வேகத்தைக் கூட்டுவது கியர் பாக்ஸ். கடைசி ஷாஃப்டில் உள்ள சிறு பற்சக்கரமான பினியனின் ஒரு பல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 90,000 முறை அது எதிர்ப்பல்லின் அழுத்தத்தை வாங்குகிறது. ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் 54 கோடி முறை. இருபது ஆண்டில் ஆயிரம் கோடியைத் தாண்டும். ஒவ்வொரு முறையும் சுமை வேறு, ஏனென்றால் காற்று வேறு.

ஒரே அடியில் உடையாத இரும்பு, சின்னச் சின்ன அடியாகப் பல லட்சம் வாங்கினால் உடையும். ரயில் அச்சுகள் காரணம் தெரியாமல் முறிந்துகொண்டிருந்த 19-ஆம் நூற்றாண்டில், பிரஷ்ய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் இதைச் சோதித்துக் காட்டினார். ஸ்வீடனில் பேரிங் ஆயுளை ஆராய்ந்த பால்ம்கிரென் 1924-இலும், அமெரிக்க விமானத் துறையின் மைனர் 1945-இலும் அதற்கு ஒரு கூட்டல் கணக்குப் போட்டார்கள். ஒரு சுமையைப் பத்து லட்சம் முறை தாங்கும் பல், அந்தச் சுமையை ஒருமுறை வாங்கினால் ஆயுளில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கழியும். பெரிய சுமைக்குப் பெரிய பங்கு, சிறியதற்குச் சிறியது. எல்லாம் சேர்ந்து ஒன்றைத் தொட்டால் ஆயுள் முடிந்தது. இன்றும் கியர் ஆயுள் கணக்கின் அடிப்படை இதுதான்.

இந்தக் கூட்டலில் கொடூரமான ஒரு இடம் உண்டு. மேற்பரப்பில் கார்பன் ஏற்றிக் கடினமாக்கிய கியருக்கு உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 6336 தரும் வளைவுச் சோர்வுக் கோட்டை, அதாவது எந்தச் சுமையை எத்தனை முறை வாங்கினால் பல் அடியில் முறியும் என்ற கோட்டைப் பிடித்துக் கணக்கிட்டால், ஆயுளுக்கு எல்லை உள்ள சுமைகளில் பத்து சதவீதம் கூடினாலே ஆயுள் பாதிக்கும் கீழே இறங்குகிறது. நாமக்கல் லாரிப் பட்டறைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓவர்லோடு ஓட்டிய வண்டியின் கிரவுன்-பினியனைக் கழற்றியதுமே அவர் கண்டுபிடித்துவிடுவார்.

காற்றாலையில் ஓவர்லோடு எங்கிருந்து வருகிறது? புயலிலிருந்து மட்டுமல்ல. சீசனில் லைன் டிரிப் ஆகிறது என்று வையுங்கள். ஜெனரேட்டரின் சுமை கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும், இறக்கை வேகமெடுக்கப் பார்க்கும், பிரேக் இறுக்கும். ஒரே பக்கம் அழுந்திக்கொண்டிருந்த பற்கள் விலகி மறுபக்கம் மோதும். பேரிங் உருளைகள் உருளாமல் சறுக்கும். வடிவமைத்தவர் ஆண்டுக்கு இத்தனை நிறுத்தம் என்று ஒரு எண்ணை எழுதியிருப்பார். அவர் மனதில் இருந்தது ஐரோப்பிய மின்தொகுப்பு. மின்சாரத்தை எடுத்துச்செல்லக் கம்பி போதாமல், நல்ல காற்றிலேயே இயந்திரங்களை நிறுத்தச் சொன்ன ஆண்டுகள் நமக்கு உண்டு. ஆகவே வடிவமைப்பு ஏட்டில் உள்ள ‘20 ஆண்டு’ நம் இயந்திரத்தின் ஆயுள் அல்ல. கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம்.

காகிதக் கணக்கு தவறியது நமக்கு மட்டுமல்ல. கியர் பாக்ஸ்கள் இருபது ஆண்டுக்கு வெகு முன்பே பழுதாவதைப் பார்த்து, அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2007-இல் ஒரு கூட்டாய்வைத் தொடங்கியது. 750 கிலோவாட் கியர் பாக்ஸ்களுக்குள் உணரிகளைப் பொருத்தி அளந்தார்கள். இறக்கைப் பக்கத்து எடையும் வளைவும் உள்ளே புகுந்து, நடுச்சக்கரத்தைச் சுற்றிவரும் கோள்சக்கரங்களின் பேரிங்குகளில் சுமையை ஏற்றத்தாழ்வாக்குவது தெரிந்தது. பழுதுகள் பல்லைவிட பேரிங்கில்தான் அதிகம் தொடங்குகின்றன என்பதும் பதிவானது. பல்லின் ஆயுளை மட்டும் கணக்கிட்டுக் கொடுக்கும் அறிக்கையை நம்பி யாரும் பணம் போடக் கூடாது என்பேன்.

இரும்பும் சுத்தமாக இருக்க வேண்டும். எஃகுக்குள் மாட்டிக்கொண்ட மணலளவுக்கும் சிறிய கசடுத்துகள் போதும், விரிசல் அங்கே பிறக்கும். மேச்சேரி அருகே பொட்டனேரியில் வாகன கியர், பேரிங்குக்கான அலாய் ஸ்டீல் உருக்கும் ஆலை இருக்கிறது. கசடு நீக்குவது எவ்வளவு பெரிய வேலை என்பதை அங்கே வேலை செய்பவர்கள் நன்கு அறிவார்கள்.

பார்வைமூடியைத் திறந்து டார்ச் அடித்தால் பல்லே பேசும். பளபளக்க வேண்டிய பரப்பில் சாம்பல் பூசியதுபோல் ஒரு பட்டை தெரிந்தால், அது கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்குழிகள். விரல் நகம் தட்டுப்படும் குழி என்றால் அடுத்த கட்டம். ஆயில் வடிக்கும்போது காந்த பிளக்கில் செதில் செதிலாக இரும்பு ஒட்டியிருந்தால் காத்திருக்க நேரமில்லை.

காற்றாலை வைத்திருக்கும் மில்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிரிப் ஆன தேதி, நேரம், காரணம், அப்போதைய காற்று வேகம் ஆகியவை கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவாகின்றன. பராமரிப்பு நிறுவனம் மாறும்போது அந்தப் பதிவும் தொலைந்துவிடுகிறது. அதை இன்றே உங்கள் பெயரில் நகலெடுத்து வையுங்கள். ஆயில் பரிசோதனை அறிக்கைகளையும் ஆண்டுவாரியாகச் சேர்த்துக் கட்டுங்கள். வைகாசிக் காற்று தொடங்குவதற்கு முன் ஒருமுறை மூடியைத் திறந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். அஞ்சு வருஷம் ஓடுமா என்ற கேள்விக்கு எந்தப் பொறியாளரும் இந்த மூன்றும் இல்லாமல் நேர்மையான பதில் சொல்ல முடியாது.

(தொடரும்)