புகையில்லா ஹைட்ரஜனுக்கும் ஒரு கணக்கு!

ஹைட்ரஜனை எரித்தால் கரியமில வாயு வராது, நீராவிதான் வரும். அப்படியென்றால் அது சுத்தமான எரிபொருள்தானே? அவசரப்பட வேண்டாம். அது எப்படித் தயாரானது என்பதைப் பார்க்க வேண்டும்.

உர ஆலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் பயன்படுத்தும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது. இந்த முறையில் ஒரு கிலோ ஹைட்ரஜன் கிடைப்பதற்குள் சுமார் 10 கிலோ கரியமில வாயு வெளியேறிவிடும். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தும் எடுக்கலாம். ஆனால், அந்த மின்சாரம் நிலக்கரியில் தயாரானது என்றால் நிலைமை இன்னும் மோசம்.

எப்படித் தயாரித்தாலும் ஹைட்ரஜனுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. சிலிண்டரைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கணக்குதான் காட்டிக்கொடுக்கும்.

அதனால்தான் மத்திய அரசு 2023 ஆகஸ்டில் ஒரு வரம்பு வைத்தது. 12 மாத சராசரியில், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான உமிழ்வைத் தாண்டாமல் இருந்தால்தான் அதற்குப் ‘பசுமை ஹைட்ரஜன்’ என்று பெயர். தண்ணீரைச் சுத்திகரிப்பது, பிரிப்பது, வாயுவை உலர்த்துவது, அழுத்துவது என எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

2025 ஏப்ரலில் இதற்கான சான்றிதழ் திட்டமும் வந்தது. ஆலை தானே கணக்கு எழுதித் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. அங்கீகாரம் பெற்ற அமைப்பு சரிபார்க்க வேண்டும்.

தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு அரசு ஒதுக்கியது 19,744 கோடி ரூபாய். எல்லாம் மக்கள் பணம். பெயரில் மட்டும் பசுமை இருந்தால் போதாதே!