நள்ளிரவில் பிள்ளைக்கு ஜுரம்! தாய் என்ன செய்யவேண்டும்?

மேட்டூர் என்றதும் எல்லோருக்கும் அணைதான் நினைவுக்கு வரும். 1934-ம் ஆண்டு திறக்கப்பட்ட அணை. 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கும். எப்போது மதகு திறப்பார்கள் என்று தஞ்சை விவசாயிகள் காத்திருப்பார்கள்.

ஆனால், அணைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தாய்மார்களுக்கு வேறு கவலை. அது பிள்ளைக் கவலை!

அனல்மின் நிலையம், ரசாயனத் தொழிற்சாலை என்று மேட்டூரில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். கணவர் இரவு வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் இருப்பது மனைவி, மாமியார், 2 குழந்தைகள். மூத்ததற்கு 4 வயது. இளையதற்கு ஒன்றரை வயது. இப்படிப்பட்ட குடும்பங்கள் மேட்டூரில் தெருவுக்குத் தெரு உண்டு.

இரவு 12 மணி. சின்னது முனகுகிறது. தொட்டுப் பார்த்தால் நெருப்பாகச் சுடுகிறது. திடீரென்று கண் மேலே சொருகுகிறது. கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது.

அவ்வளவுதான்! வீடே அலறிவிடும்.

"அத்தை, பிள்ளையைப் பாருங்க அத்தை!" என்று மருமகள் கதறுவாள். "சாவிக்கொத்தைக் கையிலே கொடு!" என்பார் மாமியார். பக்கத்து வீட்டுக்காரர் வாயில் கரண்டியைத் திணிக்க ஓடி வருவார்.

இவற்றில் எதுவும் பிள்ளையைக் காப்பாற்றாது. சில பிள்ளைக்குக் கெடுதலே செய்யும். அப்படியானால் எதுதான் காப்பாற்றும்?

இரும்பு வேண்டாம், கரண்டி வேண்டாம்

ஜுரம் ஏறும்போது வரும் இந்த வலிப்பு, 6 மாதம் முதல் 5 வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு வருவது. 100 குழந்தைகளில் 2 முதல் 5 குழந்தைகளுக்கு ஒரு தடவையாவது வரும். பார்க்கிறவர்களுக்கு உயிரே போய்விட்டது போல இருக்கும். ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். மூளையையும் கெடுத்துவிடாது.

தாய் செய்யவேண்டியது இவ்வளவுதான். பிள்ளையைத் தரையில் அல்லது பாயில் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். எச்சிலும் வாந்தியும் வெளியே வழிய இடம் கொடுக்கவேண்டும். கழுத்துப் பித்தானைத் தளர்த்தவேண்டும். பிறகு கடிகாரத்தைப் பார்க்கவேண்டும்.

வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்கக்கூடாது. பல் உடையும். மூச்சு அடைக்கும். தண்ணீரோ மருந்தோ ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வலிப்பு தானாக நிற்கிறது. பெயர் சாவிக்குப் போய்விடுகிறது!

5 நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் 108-க்குப் போன் செய்யவேண்டும். 2008-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் ஓடும் இலவச ஆம்புலன்ஸ் அது. வலிப்பு சீக்கிரமே நின்றுவிட்டாலும், முதல் தடவையாக இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி சொல்லவேண்டியவர் அவரே.

ஜுரத்துக்குப் பாராசிட்டமால் மருந்து போதும். அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்னொரு பாட்டிலில் அதே 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் இருக்கும். பாட்டில் மாறினால் அளவு இரு மடங்காகிவிடும்! பிள்ளையின் எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, பாட்டில் மேலேயே எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

இருமல் மருந்தைக் கடையில் தானாக வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து. 2025-ம் ஆண்டு மத்தியப்பிரதேசம் சிந்த்வாரா பகுதியில், நச்சு ரசாயனம் கலந்த இருமல் மருந்தைக் குடித்துக் குழந்தைகள் இறந்தன. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் சிரப்புகளைக் கொடுக்கவேண்டாம் என்று மத்திய சுகாதார அதிகாரிகள் அப்போது எச்சரித்தார்கள்.

தொக்கமா? பேதியா?

பிள்ளைக்கு வாந்தி, பேதி கண்டால் சேலம், தர்மபுரி பக்கத்தில் முதலில் வரும் பேச்சு, "தொக்கம் விழுந்திருக்கும். போய் எடுத்துவிட்டு வா" என்பதுதான். தொக்கம் எடுக்கும் வீட்டு வாசலில் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளையின் உடம்பில் உள்ள தண்ணீர் வற்றிக்கொண்டே போகும். பேதியில் பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் இந்த வறட்சிதான்.

"பேதியாகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று பாலையும் நீரையும் நிறுத்துகிறவர்கள் உண்டு. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் குறையும்போது ஊற்றுவதையும் நிறுத்தினால் குடம் என்ன ஆகும்?

இதற்கு மருந்து கண்ட கதை அருமையான கதை.

மேட்டூர் அணை திறக்கப்பட்ட அதே 1934-ம் ஆண்டு, வங்காளத்தில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் திலீப் மகலனாபிஸ். வளர்ந்து குழந்தை மருத்துவர் ஆனார்.

1971-ம் ஆண்டு வங்கதேசப் போர் மூண்டது. லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்து குவிந்தார்கள். எல்லையோர ஊரான பன்காவ்னில் காலரா பரவியது. ஆஸ்பத்திரித் தரை முழுவதும் நோயாளிகள். நரம்பு வழியாக ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். 1 லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு என்று கணக்காகக் கலந்தார். டிரம்களில் நிரப்பினார். நோயாளிகளின் தாயையும் தகப்பனையும் அழைத்து, "நீங்களே குடிக்கக் கொடுங்கள்" என்றார்.

என்ன நடந்தது? அந்த முகாமில் 100 நோயாளிகளுக்கு 30 பேர் இறந்த நிலை மாறியது. சாவு 100-க்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பேதியின்போதும் நம் குடல் சர்க்கரையை உள்ளே வாங்கும். சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும். உப்பு போன இடத்துக்குத் தண்ணீர் தானாக வரும்.

'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ ஏடு, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978-ல் எழுதியது. மகலனாபிஸ் 2022-ல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அவர் கலந்த அந்த நீர்தான், அளவுகள் சற்றே மாறி, இன்று மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பெரிய பொட்டலம் ஒன்றுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர். சின்னப் பொட்டலமாக இருந்தால் அதன்மேல் அச்சிட்டுள்ள அளவைப் பார்க்கவேண்டும். பொட்டலம் இல்லாத நேரத்தில், 1 லிட்டர் நீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுக்கலாம். உப்பு கூடிவிடக் கூடாது. கலந்த நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

ஒவ்வொரு தடவை பேதியான பிறகும், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி கொடுக்கவேண்டும். கரண்டி கரண்டியாகக் கொடுக்கவேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடியும் கொடுக்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. டாக்டர் சொல்லும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுக்கவேண்டும்.

கண் குழிவிழுந்தால், குடிக்கக்கூட முடியாமல் பிள்ளை துவண்டால், மலத்தில் ரத்தம் கண்டால், சிறுநீர் போவதே நின்றால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி!

தேள் கொட்டினால்

கல்லும் கரடும் உள்ள ஊர்ப்பக்கம் தேளுக்குப் பஞ்சமில்லை. விறகு அடுக்கிலும் செருப்புக்குள்ளும் ஒளிந்திருக்கும். இந்தியச் செந்தேளின் விஞ்ஞானப் பெயரிலேயே 'தாமுலஸ்' என்று தமிழின் பெயர் இருக்கிறது!

பெரியவர்களைக் கொட்டினால் பெரும்பாலும் கடுப்போடு போய்விடும். சிறு குழந்தைகளுக்கு அந்த விஷம் இதயத்தையே தாக்கும். உடம்பு வியர்த்துக் கொட்டும். வாந்தி வரும். கை கால் சில்லிட்டுப் போகும். இந்த அறிகுறிகள் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. மந்திரிக்கப் போகிற நேரம் வீண் நேரம்.

மகாராஷ்டிர மாநிலம் கொங்கண் பகுதியில் மகாட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், தேள் கொட்டிய குழந்தைகள் தம் கண்ணெதிரே சாவதைக் கண்டு வருந்தினார். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் 'பிரசோசின்' என்ற மலிவான மாத்திரை இந்த விஷத்தின் வேகத்தைத் தணிக்கும் என்று கண்டறிந்தார். அதன்பின் அங்கே சாவு வெகுவாகக் குறைந்தது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த மாத்திரையைக் கொடுக்கவேண்டியது ஆஸ்பத்திரியில்தான். வீட்டில் அல்ல.

சமையல் அறை ஆபத்துகள்

கொதிக்கும் குழம்பு, ரசம், டீ ஆகியவை பிள்ளைமேல் கொட்டிவிட்டால் இட்லி மாவு, பேனா மை, பற்பசை என்று தடவுவார்கள். எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் போதும். சுட்ட இடத்தை 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டவேண்டும். 20 நிமிடம் என்பது நீண்ட நேரம். பிள்ளை கத்தும். தாய்க்கு மனம் பதறும். ஆனாலும் விடக்கூடாது. பிறகு சுத்தமான துணியால் லேசாக மூடி டாக்டரிடம் போகவேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

மண்ணெண்ணெயைக் குடித்துவிட்ட பிள்ளையை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. திரும்பி வரும் மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. வாசல் தெளிக்கும் சாணிப் பவுடரும், பற்பசை போலவே இருக்கும் எலி மருந்தும் கொடிய விஷம். எலி மருந்தைத் தின்ற பிள்ளை முதல் நாள் ஓடியாடி விளையாடும். ஈரல் கெட்டுப்போவது அதற்குப் பிறகே தெரியும். அதனால், "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

பொம்மையில் உள்ள வட்ட பாட்டரியை விழுங்கிவிட்டால், அது 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். விடியட்டும் என்று இருக்கக்கூடாது. நிலக்கடலை தொண்டையில் அடைத்து, ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை மூச்சுவிட முடியாமல் திணறினால், முன்கைமேல் குப்புறப் படுக்கவைத்து, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் 5 தட்டுத் தட்டவேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தேடினால் அது இன்னும் உள்ளே போகும்.

ஒரு வாளித் தண்ணீர்

ஆடிப் பெருக்கன்று மேட்டூரில் காவிரிக் கரை கொள்ளாத கூட்டம் கூடும். அன்று எல்லோரும் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மற்ற நாளில் வீட்டுக் குளியலறையில் இருக்கும் வாளியை யாரும் நினைப்பதில்லை.

தவழும் பிள்ளைக்குத் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் எழ முடியாது. சத்தமும் வராது. அரை வாளித் தண்ணீர் போதும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் நாலில் ஒரு பங்கு, 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்!

வாளியைக் கவிழ்த்து வைக்கவேண்டும். டிரம்மை மூடிவைக்க வேண்டும். மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது வீண். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதவேண்டும். நெஞ்சை அழுத்தவேண்டும். இதை முன்கூட்டியே ஒரு நர்சிடம் கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

யார்மேல் குற்றம்?

பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் முதலில் திட்டு வாங்குகிறவள் தாய். "நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று கணவர் கேட்பார். மாமியார் கேட்பார். தெருவே கேட்கும்.

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். மூத்ததைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கு இரண்டு கண்தானே?

திட்டுக்குப் பயந்து விஷயத்தை மறைக்கும் தாயும் உண்டு. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போவது தாமதமாகிறது. எதை விழுங்கியது, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று அவள் அச்சமின்றிச் சொன்னால்தான் டாக்டரால் காப்பாற்ற முடியும். ஆகவே, திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்று மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும், ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டியும்தான் தேவை.

இரவு ஷிப்டுக்குக் கிளம்பும் தகப்பனார் ஒரு காரியம் செய்யலாம். 2 ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஜுர மருந்து, வெப்பமானி, டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைக்கலாம். 108 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதலாம். பாட்டிக்கும் அதைப் படித்துக் காட்டிவிட்டு வேலைக்குப் போகலாம்.